பழைய அனலாக் சிந்தசைசரா, புது டிஜிட்டலா: மேடையில் வாசிப்பவர்களுக்கு உண்மையிலேயே வித்தியாசம் கேட்கிறதா?

தம்பி, நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கீபோர்டு வாசிக்கிறீர்கள். ஏழாயிரம் மலேசிய வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறீர்கள். பழைய ரோலண்ட் ஜூனோ-106 என்ற அனலாக் சிந்தசைசர், அதாவது மின்சாரத்தால் ஒலியை உண்டாக்குகிற கீபோர்டு, ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அனலாக் என்றால் மின்சுற்றே நேராக ஒலியை எழுப்பும்; டிஜிட்டல் என்றால் கணினி மாதிரி எண்களைக் கணக்குப் போட்டு எழுப்பும். கூட வாசிக்கிறவர்கள் "டிஜிட்டல்ல உயிரே இல்ல, அனலாக்தான் சவுண்டு" என்று தினமும் ஓதுகிறார்கள். வாங்கலாமா, அவர்களுக்கு உண்மையிலேயே வித்தியாசம் கேட்கிறதா என்று கேட்கிறீர்கள்.

மேடைக்கு டிஜிட்டல் வாங்குங்கள். ஜூனோ மேல் ஆசை தீரவில்லை என்றால் அதையும் ஒருநாள் வாங்கி வீட்டில் வையுங்கள். கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். மிச்சத்தை அந்த "உயிர்" என்ற சொல்லுக்காக எழுதுகிறேன். பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் என்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மேடை ஏறியவன் நான். என் இரண்டு பிள்ளைகளும் படித்தது டிஜிட்டல் பெட்டி சம்பாதித்த காசில். அதில் உயிர் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது.

அனலாக்கைப் பற்றித் தெரியாதவன் பேசுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1995-இல், என் இருபத்திரண்டாவது வயதில், நான் வாங்கிய முதல் நல்ல வாத்தியமே ஒரு ஜூனோ-106தான். பத்து பெரிங்கியில் ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு சீனர் எண்ணூறு வெள்ளிக்குக் கொடுத்தார். போர்வையில் சுற்றி, ஃபெரியில் மடியில் வைத்துக்கொண்டு கடலைத் தாண்டிக் கொண்டுவந்தேன். பினாங்கிலிருந்து கிளம்பிய ஆறுமுகம் சகோதரர்கள் அலிகேட்ஸ் என்ற பெயரில் நாடு முழுக்கப் பாடியதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். மேடை என்பது நமக்கும் எட்டும் என்று நம்பியவர்கள். அந்தப் பெட்டி என் மடியில் இருந்த அந்த இருபது நிமிஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதன் ஒலியைப் பற்றி நண்பர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஜூனோவில் ஒரே நேரத்தில் ஆறு சுரம் ஒலிக்கும், அதை ஆறு குரல் என்பார்கள். ஒரு குரலுக்கு ஒலியை எழுப்புகிற ஆசிலேட்டர் ஒன்றுதான். தனியாகக் கேட்டால் மெலிசு. கோரஸ் பட்டனை அழுத்தியதும் ஒற்றையாள் பாடிய பாட்டைக் கோயில் மண்டபத்துக்குள் போய் நின்று பாடியது மாதிரி இரண்டு பக்கமும் விரிந்துவிடும். இன்னொன்றும் செய்யலாம். பாலி-1, பாலி-2 என்ற இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ஆறு குரலும் ஒரே சுரத்தில் வந்து விழும். அதில் போர்ட்டமென்டோவைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். நாயனம் மாதிரியே இருக்காது. ஆனால் நாயனம் போகிற வழியில் போகும். காம்போதி ஆலாபனையைக் கீபோர்டில் இழுத்துப் பார்க்க முடியும் என்று எனக்குக் காட்டியது அந்தப் பெட்டிதான்.

அது ஜப்பானுக்குள் விற்பதற்காகச் செய்த பெட்டி. அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் சுவரில் வருவது 240. அதனால் செங்கல் கனத்தில் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போவேன். 1998-இல் பிறையில் ஒரு கல்யாண விருந்து. ஒத்திகை முடிந்து சாப்பிடப் போயிருந்தேன். வீடியோக்காரருக்கு விளக்குப் போட இடம் வேண்டும் என்று மண்டபத்துப் பையன் என் வயர்களைப் பிடுங்கியிருக்கிறான். திரும்பச் செருகும்போது இடையில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிட்டு, அடாப்டர் வைத்து நேரே சுவரில் செருகிவிட்டான். நான் வந்து சுவிட்சைப் போட்டேன். டப் என்று ஒரு சத்தம், பிறகு வார்னிஷ் எரிகிற வாடை. பின்பக்கத்து ஓட்டை வழியாக நூல் மாதிரி ஒரு புகை எழுந்தது. மாப்பிள்ளை பெண் வாசலில் வந்து நிற்கிறார்கள், குழுவை நடத்துகிற மாஸ்டர் என் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கிவிட்டார். அந்தப் பையன் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை. நாள் கூலிக்கு வந்த பிள்ளைக்கு வோல்ட் கணக்கு யார் சொல்லிக் கொடுத்தது? சாப்பிடப் போகும் முன் வயரைக் கழற்றிப் பையில் போட வேண்டியவன் நான்.

அன்றைய விருந்தை இன்னொரு கீபோர்டுக்காரர் வைத்திருந்த சின்ன டிஜிட்டல் பெட்டியில் வாசித்து முடித்தேன். இந்த மாதிரிப் பெட்டிகளில் எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்று பொதுவாக வகுத்தது 1991-இல் வந்த ஜெனரல் மிடி பட்டியல், அதில் மொத்தம் 128 வாத்தியம். சித்தாருக்கு 105, ஷெனாய்க்கு 112. நாதஸ்வரத்துக்கு இடம் இல்லை. நம் ஆட்கள் எல்லாருமே 112-ஐ வைத்துத்தான் நாயனம் ஒப்பேற்றுகிறோம். நானும் அதைத்தான் வாசித்தேன். கூட்டம் கைதட்டியது.

சாப்பாடு முடிந்ததும் ஒரு பெரியவர் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். காலையில் அதே கல்யாணத்துக்கு நாயனம் வாசித்தவர், தோட்டத்துக் கோயிலில் பரம்பரையாக வாசிக்கிற குடும்பம்.

"தம்பி, சத்தம் கிட்டத்தட்ட வந்திருக்கு. ஆனா நீ எங்கப்பா மூச்சு எடுக்கற?"

எனக்குப் புரியவில்லை. "கீபோர்டுக்கு எதுக்கு ஐயா மூச்சு?" என்றேன்.

"கேக்கறவனுக்கு வேணுமே. நீ நிறுத்தாம வாசிக்கறப்ப எனக்கு நெஞ்சு அடைக்குது" என்றார்.

பிறகு மேடை விளிம்பிலேயே உட்கார்ந்து, தொடையில் விரலால் தட்டிக்கொண்டு ஒரு பிடியைப் பாடிக் காட்டினார். எங்கே இழுத்து எங்கே விட வேண்டும், விட்ட இடத்தில் எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்று. அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சிந்தசைசரைத் தொட்டதே இல்லை. கீபோர்டு வாசிப்பில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொன்னது.

அவரிடம் கற்றுக்கொண்ட பிறகுதான் டிஜிட்டலின் உண்மையான குறை எனக்குத் தெரிந்தது. "சூடு", "கதகதப்பு" என்று இணையத்தில் பேசுகிறார்களே, அது இல்லை. அந்தக் காலத்துச் சாம்பிள் ஒலியில், அதாவது நிஜ வாத்தியத்தைப் பதிவு செய்து வைத்த ஒலியில், ஒவ்வொரு விரலுக்கும் வாத்தியம் புதிதாக ஊதத் தொடங்கும். சீவாளி முதலில் கிறீச்சிடுகிற அந்தத் துளிச் சத்தம் ஒவ்வொரு சுரத்திலும் வந்து உட்காரும். நம் பாட்டில் சுரத்திலிருந்து சுரத்துக்குப் போகிற வழிதான் பாட்டே. தோடியைக் கட்டை கட்டையாக வாசித்தால் அது தோடியா? என் ஜூனோவில் அந்த வழுக்கல் இருந்தது, ஆனால் நாயனத்தின் குரல் இல்லை. சின்னப் பெட்டியில் குரல் இருந்தது, வழுக்கல் இல்லை. ஜூனோவைச் சரிபார்க்கக் கேட்ட காசு என்னிடம் இல்லை. எரிந்தது எரிந்தபடியே இருநூறு வெள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். இன்று அதன் விலையைக் கேட்டால் வயிறு எரிகிறது. அதைவிட, ஃபெரியில் மடியில் வைத்துக் கொண்டுவந்ததை நினைத்தால் இன்னும் எரிகிறது.

2004-இல் கோலாலம்பூரில் ஒரு பழைய சாமான் கடையில் யமஹா டிஎக்ஸ்-7 ஒன்று கிடைத்தது. 1983-இல் வந்த பெட்டி, முழுக்க டிஜிட்டல். பழசு என்றாலே அனலாக் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதற்குள் இருக்கும் எஃப்எம் என்ற ஒலி உண்டாக்கும் முறையை 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்தார். அவர் அப்போது வைப்ராட்டோவை, அதாவது சுரத்தை அசைப்பதை, சோதித்துக்கொண்டிருந்தார். அசைவை வேகப்படுத்திக்கொண்டே போனபோது ஒரு கட்டத்தில் அது அசைவாகக் கேட்காமல் புதுக் குரலாகவே கேட்டது. இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அசைவிலிருந்து குரல் பிறக்கிறது என்றால் அது நமக்குச் சொந்தமான விஷயம் இல்லையா?

அந்த டிஎக்ஸ்-7-இல் இன்னொன்று இருக்கிறது. மூச்சுக்கு ஒரு ஓட்டை! பிசி-1 என்ற சின்னக் குழாயைச் செருகி வாயில் கவ்விக்கொண்டு ஊதலாம். ஊதும் அழுத்தம் கூடக்கூட ஒலி உரக்கும், கூராகும். விட்டால் அடங்கும். அந்தக் குழாயை ஜப்பானிலிருந்து வரவழைத்தேன். வலது கை கட்டைகளில், இடது கை சுரத்தை ஏற்றி இறக்குகிற பிட்ச் சக்கரத்தில், வாயில் குழாய். அதை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போய் அவர் சொல்லிக் கொடுத்த பிடியையே வாசித்தேன். ஊதி முடிக்கும் வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இப்ப மூச்சு இருக்கு" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

எந்தப் பெட்டியில் உயிர் இல்லை என்கிறார்கள்? நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே மனுஷ மூச்சைக் கேட்டு வாங்கிக்கொண்ட டிஜிட்டலிலா?

சரி, காதுக்கு வித்தியாசம் தெரியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். 2018-இல் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு நண்பரின் ஸ்டுடியோவில் இதைச் சோதித்தே பார்த்தோம். அவரிடம் சரிபார்த்து வைத்த ஜூனோ-106 இருந்தது. பக்கத்தில் அதே ஜூனோவின் சர்க்யூட்டைக் கணக்குப் போட்டு ஒலிக்கிற புது டிஜிட்டல் பெட்டி. மறு அறையில் ஒருவர் வாசிக்க, நாங்கள் நாலு பேர் எதையும் பார்க்காமல் கேட்டு எழுதினோம். முதல் சுற்றில் நாலு பேரும் அனலாக்கைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம், ஒரே கொண்டாட்டம். பிறகு நண்பர் ஒலி அளவு காட்டுகிற மீட்டரைப் பார்த்தார். ஜூனோ கொஞ்சம் உரக்கப் போயிருக்கிறது. உரக்கக் கேட்பது நல்லதாகக் கேட்கும், அது காதின் இயல்பு. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து எட்டுச் சுற்று வைத்தோம். நான் ஐந்து சரி. இருவர் நாலு. அனலாக்தான் உயிர் என்று வாதாடியே எங்களைக் கூட்டியவர் மூன்று. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான் வந்திருக்கும்.

ஆனால் ஓர் இடத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, அதை மறைக்கக் கூடாது. ஒலியை வடிகட்டுகிற ஃபில்டரில் ரெசனன்ஸை, அதாவது வடிகட்டும் இடத்தைத் தூக்கிக் காட்டுவதை, நன்றாக ஏற்றிவிட்டு, உச்ச சுரத்தில் அந்த ஃபில்டரை மெதுவாகத் திறந்தபோது டிஜிட்டலில் மிகச் சன்னமாக ஒரு அந்நியச் சத்தம், பாட்டோடு சேராத விசில் மாதிரி. இதற்குப் பெயர் அலியாசிங். ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளக்கிற பெட்டியால் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள அதிர்வைச் சரியாகப் பிடிக்க முடியாது. தடுக்காமல் விட்டால் அது மடங்கிக் கீழே வந்து விழும். புதுப் பெட்டிகளில் இதைப் பெரும்பாலும் அடக்கிவிட்டார்கள். ஸ்டுடியோவில் ஹெட்போனில் கேட்டால் தெரியலாம். கல்யாண மண்டபத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டும் தட்டுகள் மோதிக்கொண்டும் இருக்கும்போது யாருக்கும் தெரியாது.

சவுண்ட் இன்ஜினியரிங் படித்தவர்கள் எட்டுச் சுற்று போதாது என்று சொல்வார்கள். சொல்லட்டும். நான் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவில்லை, என் காது கேட்டதை எழுதுகிறேன்.

நண்பர்கள் "சுத்த அனலாக்" என்கிற ஜூனோ-106-இன் உள்ளேயே ஆசிலேட்டரைச் சுருதியில் நிறுத்தி வைப்பது டிஜிட்டல் கடிகாரம்தான். ஒலி அனலாக், சுருதிக் காவல் டிஜிட்டல். 1978-இல் வந்த இன்னோர் அனலாக் பெட்டியான புராஃபெட்-5-க்கு உள்ளே இசட்-80 கணினிச் சில்லு இருக்கிறது. அது இல்லாமல் அதற்கு ஒலிகளை நினைவில் வைக்கத் தெரியாது. இந்த உதவி எதுவும் இல்லாத 1970-இன் மினிமூக் என்ற அனலாக் பெட்டி சூடேறிச் சுருதிக்கு வரவே நேரம் எடுக்கும். நம் ஊரில் நினைத்துப் பாருங்கள். ஏசி போட்ட மண்டபத்தில் ஒத்திகை, மறுநாள் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் வெயிலில் கச்சேரி, பக்கத்தில் உறுமி மேளம். சுருதி நகர்ந்துவிட்டால் பாடுகிறவர் என்ன செய்வார்? அவர் கழுத்தைத் திருப்பி உங்களைப் பார்க்கிற பார்வையை நான் வாங்கியிருக்கிறேன்.

டிஜிட்டலால் நாம் இழந்தது எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. அதை யாரும் இந்தச் சண்டையில் பேசுவதில்லை. நான் சேர்ந்தபோது எங்கள் குழுவில் ஒன்பது பேர். தபலா, டோலக், புல்லாங்குழல், வயலின் எல்லாம் ஆள் வைத்து. தாளமும் பின்னணியும் தானே போடுகிற கீபோர்டு வந்ததும் கல்யாண வீட்டார் கேட்க ஆரம்பித்தார்கள்: "அண்ணே, அதான் உங்க பெட்டியிலயே எல்லாம் இருக்கே, எதுக்கு இத்தன பேரு?" ஒன்பது ஆறானது, ஆறு மூன்றானது. எங்கள் தபலாக்காரர் ஒரு தொழிற்சாலைக்குப் பாதுகாவலராகப் போனார். கடைசி நிகழ்ச்சி முடிந்த இரவு அவருடைய பங்கை அவர் கையில் கொடுத்தபோது எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதினொரு வருஷம் என் இடது பக்கத்தில் உட்கார்ந்தவர். என் பெட்டியில் அவருடைய தபலா 'டைப் 3' என்று ஒரு பட்டனாக இருந்தது. இப்போது அந்த மூன்று பேரும் வேண்டாம் என்று பென்டிரைவில் பாட்டைப் போட்டு ஆடுகிறார்கள். அப்படியும் வருகிற கலைஞனுக்கு மீதிக் காசை மூன்று மாதம் இழுத்தடிக்கிற ஏற்பாட்டாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு இன்னும் வர வேண்டிய பாக்கி இருக்கிறது. அலங்காரக்காரருக்கு அன்றைக்கே கொடுத்துவிடுகிறார்கள், கேட்டால் "பூ வாடிடும்ல" என்கிறார்கள். வாசிக்கிறவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

அதனால் தம்பி, ஏழாயிரத்தையும் ஒரே பெட்டியில் கொட்டாதீர்கள். பிட்ச் சக்கரமோ லீவரோ உங்கள் கைக்கு இதமாக இருக்கிற, விட்டுவிடாமல் வழுக்கிப் போகிற லெகாட்டோ உள்ள டிஜிட்டல் ஒன்றைக் கடையில் நின்று மோகனமும் தோடியும் வாசித்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் அரை மணி நேரம் வாசியுங்கள். மூச்சுக் குழாயோ வால்யூம் பெடலோ ஒன்று சேர்த்து வாங்குங்கள். மிச்சத்தை வையுங்கள்.

ஜூனோதான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் நேரில் போய்ப் பாருங்கள், படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். அதில் 80017ஏ என்று ஆறு சில்லுத் தொகுதி இருக்கும், குரலுக்கு ஒன்று. மேலே பூசிய எபாக்சி என்ற கறுப்புப் பிசின் வயதாக ஆக உள்ளே கசிவை உண்டாக்குகிறது. குரல் பொரியும், இல்லை செத்துப்போகும். அசிட்டோனில் ஊறவைத்து அந்தப் பூச்சை உரித்து எடுத்தால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். மூங்கில் குச்சியால் பொறுமையாகச் சுரண்ட வேண்டிய வேலை, ஆறுக்கும் நாள் கணக்கில் ஆகும். எனவே கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போடுங்கள், சோதனை முறைக்குப் போகும். ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் எத்தனையாவது குரல் ஒலிக்கிறது என்று திரையில் எண் வரும். கோரஸை அணைத்துவிட்டு ஆறையும் தனித்தனியாகக் கேளுங்கள். நினைவுக்கான சிஆர்-2032 பேட்டரி எப்போது மாற்றியது என்று கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்து விலையும் படிந்தால், காசைக் கொடுக்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் 100 வோல்ட்டா 240 வோல்ட்டா என்று உங்கள் கண்ணால் படியுங்கள். 100 என்றால் வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே டிரான்ஸ்ஃபார்மரையும் வயரையும் சேர்த்து டேப் சுற்றி ஒட்டிவிடுங்கள், யாராலும் பிரிக்க முடியாதபடி.